முட்டைத் தட்டில் பன்னிரண்டு எலுமிச்சை

1950களின் தொடக்கம். ஃபேனி ரோசனோ என்ற பெண்மணி நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்கு ஃபோன் செய்தார். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர் அவர். தன்னைப் போன்ற பெண்கள் சந்தித்துப் பேச ஒரு குழு தொடங்குகிறோம், அதற்கு ஒரு விளம்பரம் கொடுக்க வேண்டும் என்றார். இணைப்பு சமூகச் செய்திப் பிரிவின் ஆசிரியருக்குப் போனது. விஷயத்தைக் கேட்டதும் மறுமுனையில் நீண்ட மௌனம். பிறகு பதில் வந்தது: மன்னிக்க வேண்டும், ‘மார்பகம்’ என்ற சொல்லையும் ‘புற்றுநோய்’ என்ற சொல்லையும் எங்கள் பத்திரிகையில் போட முடியாது, ‘மார்புச் சுவர் நோய்கள்’ பற்றிய கூட்டம் என்று வேண்டுமானால் போடலாமா? ரோசனோ வெறுத்துப்போய் ஃபோனை வைத்துவிட்டார்.

நோயின் பெயரே இரண்டு சொல்தான். இரண்டுக்கும் தடை. ஊறுகாய் விற்க வந்தவரிடம் ‘ஊறுகாய்’ என்ற சொல் இல்லாமல் விளம்பரம் எழுதிக் கொண்டுவாருங்கள் என்று சொல்வதைப் போல. ஆனால் மார்பகப் புற்றுநோயாளிகளுக்குத் துணை நிற்கும் தொண்டு அமைப்புகள் முக்கால் நூற்றாண்டாக இந்த வேலையைத்தான் செய்து வருகின்றன. சொன்னால் கூசும், கேட்டால் பயமுறுத்தும், படம் போட்டால் தடைபடும். அப்படி ஒரு செய்தியை ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அலுவலக பாஷையில் இதற்கு ‘ஊடகத் தொடர்பு’ என்று பெயர். பாதி பொறியியல், பாதி கண்கட்டு வித்தை என்று வைத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

வேலையின் அளவைப் பாருங்கள். உலகில் ஆண்டுக்குச் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் கண்டுபிடிக்கப்படுகிறது. வகுத்துப் பார்த்தால் 14 வினாடிக்கு ஒருவர். வானொலியில் 30 வினாடி விளம்பரம் ஒன்று ஓடி முடிவதற்குள் இரண்டு பேர். இந்தியாவில் மட்டும் 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி சுமார் 1,92,000 பேர். மூன்று நிமிடம் ஆவதற்குள் ஒருவர்.

பத்திரிகை கதவைச் சாத்திய அதே காலத்தில், அதே நியூயார்க்கில், டெரீஸ் லாசர் என்ற பெண் வேறொரு ஊடகத்தைக் கண்டுபிடித்தார். 1952-இல் அவருக்கு மார்பக அறுவைச் சிகிச்சை நடந்தது. அந்தக் கால அறுவை மிகக் கடுமையானது. மார்பகத்தோடு அதன் அடியிலிருக்கும் நெஞ்சுத் தசையையும் அக்குளிலிருக்கும் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்தே எடுத்துவிடுவார்கள். தையலைப் பிரித்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு, தலை வாரக்கூடக் கை மேலே எழாது. உடைக்குள் எதை வைத்து நிரப்புவது என்று தெரியாது. யாரைக் கேட்பது என்றும் தெரியாது. லாசர், புதிதாக அறுவை முடிந்து படுத்திருக்கும் பெண்களைத் தேடிப் போய்ப் படுக்கையருகே உட்காரத் தொடங்கினார். கையில் ஒரு சின்னப் பொட்டலம். அதற்குள் ஒரு ரப்பர்ப் பந்து, ஒரு கயிறு, உடைக்குள் வைத்துக்கொள்ளத் தற்காலிகமாக ஒரு பஞ்சு மார்பகம்.

பந்து எதற்கு? உடலில் இரத்தம் தவிர இன்னொரு நீரோட்டமும் உண்டு. திசுக்களில் கசிந்து தேங்குவதை வடித்துக்கொண்டு போகும் அந்த நீருக்கு நிணநீர் என்று பெயர். இரத்தத்துக்கு இதயம் என்ற பம்பு செட் இருக்கிறது. நிணநீருக்கு அப்படி ஒன்று இல்லை. பக்கத்துத் தசைகள் இறுகித் தளரும்போது அது மெல்ல மெல்லத் தள்ளப்பட்டு மேலே ஏறுகிறது. அக்குள் கணுக்களை எடுத்துவிட்டால் வடிகால் அடைபட்ட தெரு மாதிரிதான். நீர் தேங்கிக் கை வீங்கும். பந்தைப் பிசையப் பிசைய முன்கையே ஒரு குட்டி பம்பாகிறது. கயிறு, விறைத்துப்போன தோளுக்கு. கதவின் மேல் போட்டு நல்ல கையால் இழுத்தால் மற்றக் கை தானாக மேலே போகும். இரண்டு பொருளுக்கும் விலை சொற்பம்.

லாசரிடம் பொட்டலத்தில் இல்லாத ஒரு கருவியும் இருந்தது. உடம்போடு ஒட்டிய உடையில் வந்து நின்று, “இதில் எது நிஜம், எது பொய் என்று சொல்லுங்கள் பார்ப்போம்” என்று நோயாளியிடம் கேட்பாராம். எந்தத் துண்டுப் பிரசுரத்தாலும் முடியாத வேலையை அந்த ஒரு கேள்வி செய்தது. இந்த நோய் வந்தவள் இவள், நடமாடுகிறாள், சிரிக்கிறாள், போதாக்குறைக்குப் பந்தயம் வேறு கட்டுகிறாள்! ‘ரீச் டு ரிகவரி’ என்ற அவருடைய இயக்கத்தை 1969-இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் தன்னுடையதாக்கிக்கொண்டது. நோய் வந்து மீண்டவரே புதிய நோயாளியைப் பார்க்கப் போவது என்ற முறை இன்றும் பல நாடுகளில் தொடர்கிறது.

படுக்கை படுக்கையாகப் போன செய்தி ஒரே வாரத்தில் நாடு முழுக்கப் பரவிய கதை 1974-இல் நடந்தது. ஜெரால்டு ஃபோர்டு அமெரிக்க அதிபராகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 28 அன்று அவருடைய மனைவி பெட்டி ஃபோர்டுக்கு மார்பகத்தை எடுக்கும் அறுவை நடந்தது. பெரிய இடத்து நோய்களை மூடி மறைப்பதே வழக்கமாக இருந்த காலம். அவரோ எல்லாவற்றையும் சொல்லச் சொன்னார். ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்கு முன் அச்சேற முடியாத அந்த இரண்டு சொற்களும் முதல் பக்கத்துக்கு வந்தன. மருத்துவமனைகளில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அதைக் கேட்டுத் தன்னையும் சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவர், துணை அதிபர் பதவிக்கு முன்மொழியப்பட்டிருந்த ராக்ஃபெல்லரின் மனைவி ஹேப்பி. அவருக்கும் கட்டி இருந்தது. மூன்றே வாரத்தில் அவரும் அறுவை மேசையில் இருந்தார்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஆண்டுகளின் புள்ளிவிவரக் கோட்டை இன்று வரைந்து பார்த்தாலும் அங்கே திடீரென ஒரு மேடு தெரியும். நோய் அதிகமாகவில்லை, ஒளிந்திருந்த நோய் வெளியே வந்தது. குளத்துத் தண்ணீரை இறைத்தால் அடியில் கிடக்கும் கல்லெல்லாம் தெரிவதைப் போல. ஒரு பெண்மணி வாய் திறந்து பேசியது ஒரு நாட்டின் நோய்ப் பதிவேட்டில் மேடாகப் பதிந்திருக்கிறது.

இதில் அவசரம் ஏன்? இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். புற்று ஒரே ஒரு செல்லில் தொடங்குகிறது. ஒன்று இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது. இப்படி 30 முறை இரட்டித்தால் சுமார் 100 கோடி செல்கள். அவ்வளவும் சேர்ந்தால் ஒரு சென்டிமீட்டர். ஊற வைக்காத கொண்டைக்கடலை அளவு. விரலுக்குத் தட்டுப்படத் தொடங்குவது கிட்டத்தட்ட அந்தக் கட்டத்தில்தான். ஒரு முறை இரட்டிக்க எத்தனை நாள் என்பது கட்டிக்குக் கட்டி மாறும். கணக்குக்காக 100 நாள் என்று வைத்துக்கொள்வோம். 30 முறைக்கு 3,000 நாள், அதாவது எட்டு ஆண்டுக்கு மேல். முதல் செல் பிறழ்ந்த அன்று எல்.கே.ஜி. சேர்ந்த குழந்தை, அம்மாவின் விரலில் கட்டி தட்டுப்படும்போது ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருக்கும்.

கணக்கு இதோடு முடியவில்லை. ஒரு சென்டிமீட்டர் உருண்டை இரண்டு சென்டிமீட்டர் ஆக வேண்டுமானால் கன அளவு எட்டு மடங்கு ஆக வேண்டும். எட்டு மடங்கு என்றால் மூன்றே மூன்று இரட்டிப்பு. முதல் சென்டிமீட்டருக்கு எட்டு ஆண்டு எடுத்துக்கொண்டது, அடுத்த சென்டிமீட்டருக்குப் பத்து மாதம்தான் எடுக்கிறது. ‘தீபாவளி முடியட்டும், பொங்கல் முடியட்டும், பொண்ணுக்குப் பரீட்சை முடியட்டும்’ என்று தள்ளிப்போடும் பத்து மாதம். உலக சுகாதார நிறுவனம் தன் மார்பகப் புற்றுநோய்த் திட்டத்தில் மூன்று எண்களை இலக்காக வைத்திருக்கிறது: நோய்களில் 60 சதவீதமாவது முதல் இரண்டு நிலைகளில் கண்டறியப்பட வேண்டும், மருத்துவரிடம் வந்த 60 நாளுக்குள் இன்ன நோய் என்று உறுதியாக வேண்டும், 80 சதவீதம் பேராவது சிகிச்சையைப் பாதியில் விடாமல் முடிக்க வேண்டும். இரண்டாவது எண் மருத்துவமனைகளின் பொறுப்பு. முதல் எண் பெரும்பாலும் செய்தியின் பொறுப்பு.

செய்தியைச் சுமந்து போக உலகம் கண்ட வாகனங்களில் மிகப் பிரபலமானது இளஞ்சிவப்பு ரிப்பன். அது முதலில் இளஞ்சிவப்பே இல்லை. 1990களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் சார்லட் ஹேலி என்ற பெண்மணி தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பீச் பழ நிறத்தில் ரிப்பன்களை மடித்தார். ஐந்தைந்தாக ஓர் அட்டையில் செருகினார். அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆண்டு நிதி 180 கோடி டாலர், அதில் நோய்த் தடுப்புக்குப் போவது 5 சதவீதம்தான், சட்டமன்றக்காரர்களை எழுப்ப இதை அணியுங்கள் என்று அட்டையில் அச்சிட்டிருந்தார். மளிகைக் கடையில் கொடுத்தார். தெரிந்தவர்களுக்குத் தபாலில் அனுப்பினார்.

‘செல்ஃப்’ என்ற பெண்கள் இதழும் எஸ்டே லாடர் என்ற அழகுசாதன நிறுவனமும் அந்த ரிப்பனைக் கேட்டு வந்தன. ஹேலி மறுத்துவிட்டார், இது வியாபாரமாகிவிடும் என்றார். அவர்கள் வழக்கறிஞர்களைக் கேட்டார்கள். நிறத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று யோசனை கிடைத்தது. பீச் போய் இளஞ்சிவப்பு வந்தது. 1992 அக்டோபரில் அழகுசாதனக் கடைகள் வழியாக 15 லட்சம் ரிப்பன்கள் விநியோகமாயின. நிறத்தோடு இன்னொன்றும் மாறியது. அட்டையிலிருந்த கோரிக்கை காணாமல் போனது. எடை குறைந்ததும் ரிப்பன் பறந்தது: சட்டைக்கு, காபிக் கோப்பைக்கு, கட்டடங்களின் விளக்குக்கு. 2010-இல் ஒரு வறுத்த கோழிக் கடைச் சங்கிலி இளஞ்சிவப்பு வாளிகளில் கோழி விற்று, வாளிக்கு 50 சென்ட் வீதம் தொண்டு அமைப்புக்குக் கொடுத்தது. நோய் தடுக்கும் செய்தி எண்ணெயில் பொரிந்து வந்ததைப் பார்த்து ஹேலி என்ன நினைத்தாரோ! என் கணக்கில் ரிப்பன் ஒரு மகத்தான தபால் உறை. உள்ளே கடிதம் இருக்கிறதா என்று பார்க்க எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

கடிதத்தைத் திரும்ப உள்ளே வைத்தவர் கொரின் எல்ஸ்வொர்த் போமான்ட். வரைகலை வடிவமைப்பாளர்; பாட்டிகள் இருவரையும் மார்பகப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். நோயின் அறிகுறிகள் எப்படி இருக்கும் என்று தேடியபோது அவருக்குக் கிடைத்தவை, மருத்துவப் புத்தகங்களின் பயங்கரப் படங்களும், ரிப்பன் போட்ட, எதையும் சொல்லாத அட்டைகளும். நிஜ மார்பகத்தைக் காட்டினால் பாதி நாடுகளில் சுவரொட்டி ஒட்ட முடியாது. எழுத்தில் விளக்கினால் படிக்கத் தெரிந்தவருக்கு மட்டும்தான் போகும். அவர் கண்டுபிடித்த விடை: எலுமிச்சம்பழம். உருண்டை வடிவம், நுண்துளைகள் உள்ள தோல், ஒரு முனையில் காம்பு போல் ஒரு கூர். வீட்டு வாசலில் தொங்கவிட்டாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். டஜன் முட்டை வைக்கும் அட்டைப் பெட்டியில் பன்னிரண்டு எலுமிச்சை. ஒவ்வொன்றிலும் ஒரு கோளாறு. ஒன்றில் ஒரு குழி, ஒன்றில் புடைப்பு, ஒன்று சிவந்திருக்கிறது, ஒன்றில் நரம்பு புடைத்திருக்கிறது, ஒன்றின் கூர் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது, ஒன்றில் நீர் கசிகிறது. ‘நோ யுவர் லெமன்ஸ்’ என்ற அந்தப் படம் 2017-இல் ஒரு நோயாளியின் பதிவு வழியாக ஃபேஸ்புக்கில் கண்டம் விட்டுக் கண்டம் பரவியது.

படம் எளிமையாக இருக்கிறது. ஒவ்வொரு பழத்துக்கும் பின்னால் ஒரு உடற்கூற்றுப் பாடமே ஒளிந்திருக்கிறது. குழி விழுந்த பழத்தை எடுங்கள். மார்பகத்தைத் தாங்கிப் பிடிக்கத் தோலுக்கும் அடித்தசைக்கும் நடுவே மெல்லிய நார்கள் ஓடுகின்றன. 19-ஆம் நூற்றாண்டின் ஆங்கில அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் விவரித்ததால் கூப்பர் நார்கள் என்று பெயர். இலவம்பஞ்சு மெத்தையில் பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்கிவிடாமல் இடையிடையே நூல் கோத்து இறுக்குவார்களே, அதே ஏற்பாடு. நூலை இறுக்கிய இடத்தில் மெத்தையில் குழி விழும். உள்ளே வளரும் கட்டி ஒரு நாரைப் பிடித்து இழுத்தால் தோலில் குழி விழும். கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கண்ணாடியில் பாருங்கள் என்று சொல்வதும் இதற்குத்தான். தூக்கும்போது நார்கள் விறைக்கும், மறைந்திருந்த குழி தெரியும்.

இன்னொரு எலுமிச்சை, சாத்துக்குடித் தோல் மாதிரி சொரசொரப்பாக இருக்கிறது. தோலின் நிணநீர் வடிகாலைப் புற்றுச் செல்கள் அடைத்துவிட்டால் தோல் ஊறி உப்பும். ஆனால் மயிர்க்கால்கள் ஆணி அடித்த மாதிரி ஆழத்தில் பிடித்திருக்கும். அவை உப்ப முடியாது. சுற்றி எல்லாம் மேலெழ, அந்தப் புள்ளிகள் மட்டும் குழியாக நிற்கும். நரம்பு புடைத்த பழத்துக்குக் காரணம் வேறு. வளரும் கட்டிக்குப் பசி அதிகம். தனக்கென்று புதிய இரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொள்கிறது. பார்க்க எந்தக் குறையும் இல்லாத ஒரு பழமும் தட்டில் இருக்கிறது. எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது. அதன் கட்டி கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது. மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே படத்தில் மட்டும் தெரியும்.

கட்டி தொட்டால் எப்படி இருக்கும்? அதற்கும் போமான்ட் எலுமிச்சையை விட்டு வெளியே போகவில்லை. விதை! புற்றுக் கட்டி பெரும்பாலும் எலுமிச்சை விதை போலக் கெட்டியாக, நகராமல் இருக்கும். சாதாரண நிணநீர்க் கணு ஊறிய பட்டாணி போல மெத்தென்று வழுக்கி ஓடும். நம் ஊர்ப் பெண்களுக்கு இதை இன்னும் சுலபமாகச் சொல்லலாம். முறத்தில் அரிசி புடைத்துக் கல் பொறுக்கிய விரல்கள் இவை. பேசிக்கொண்டே, கண்ணால் பார்க்காமலே, அரிசிக்கு நடுவே கல்லைக் கண்டுபிடித்த விரல் நுனிகள்.

சுவரொட்டி ஒட்டும் காலம் போய்க் கைப்பேசிக் காலம் வந்ததும் தடை போடும் ஆசிரியரும் மாறிவிட்டார். இப்போது அவர் மனிதரே இல்லை. சமூக வலைத்தளங்களில் கோடிக்கணக்கான படங்களைச் சலிப்பவை கணினி நிரல்கள். ஒரு படம் அவற்றுக்கு எண்களின் கட்டம்தான். எந்தப் புள்ளி எவ்வளவு வெளிச்சம், என்ன நிறம். லட்சக்கணக்கான மாதிரிகளைப் பார்த்துப் பார்த்து, இன்ன வளைவும் இன்ன நிறமும் சேர்ந்து வந்தால் ஆபாசம் என்று பழகியிருக்கின்றன. படத்துக்கு மேலே ‘உங்கள் உயிரைக் காத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதியிருந்தாலும் வளைவு வளைவுதான்.

2016 மார்ச்சில் அர்ஜென்டினாவின் ‘மாக்மா’ என்ற தொண்டு அமைப்பு இதற்கு ஒரு குறும்பான விடை சொன்னது. பெண்ணின் மார்பைக் காட்டக் கூடாது என்றுதானே விதி? ஆணின் மார்புக்குத் தடை இல்லையே? ஒரு பருத்த மனிதரைச் சட்டையில்லாமல் நிற்க வைத்தார்கள். அவருக்குப் பின்னால் ஒரு பெண் நின்று, முன்பக்கம் கைகளை நீட்டி, சோதிப்பது எப்படி என்று அவருடைய கொழுத்த மார்பில் செய்து காட்டினார். விதி ஒரு எழுத்துக்கூட மீறப்படவில்லை. பார்த்தவர்கள் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே கற்றுக்கொண்டார்கள், நாலு பேருக்கு அனுப்பினார்கள். ஆண்களுக்கும் மார்பகத் திசு கொஞ்சம் உண்டு, இந்தப் புற்றுநோய் வருபவர்களில் நூற்றுக்கு ஒருவர்வரை ஆண்களாக இருப்பார்கள் என்பது அந்தப் படம் சொல்லாமல் சொன்ன உபரிச் செய்தி.

அதே ஆண்டு அக்டோபரில் ஸ்வீடனின் புற்றுநோய்ச் சங்கம் ஒரு காணொளி போட்டது. வெறும் கார்ட்டூன், மார்பகத்துக்குப் பதில் இரண்டு வட்டங்கள். ஃபேஸ்புக் அதையும் நீக்கியது. சங்கம் சண்டைக்குப் போகவில்லை. வட்டங்களைச் சதுரமாக்கி, இப்போது சரியா என்று பகிரங்கமாக ஒரு கடிதம் எழுதியது. சதுர மார்பகங்களோடு வந்த அந்தக் கடிதம், நீக்கப்பட்ட காணொளியைவிட அதிகம் பேசப்பட்டது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. பிரேசிலில் 2020-இல் ஒருவர் போட்ட அறிகுறிப் படங்களை இன்ஸ்டாகிராமின் தானியங்கி நீக்கியபோது, வழக்கு அந்த நிறுவனத்தின் மேற்பார்வைக் குழுவரை போனது. நீக்கியது தவறு என்று 2021 ஜனவரியில் தீர்ப்பு வந்தது.

செய்தி போய்ச் சேர்ந்துவிட்டால் வேலை முடிந்ததா? எந்த முகவரிக்குப் போனது என்றும் பார்க்க வேண்டும். 2005 மே மாதம் பாடகி கைலி மினோக் தனக்கு மார்பகப் புற்றுநோய் என்று அறிவித்தார். ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் இந்த நோய் பற்றிய செய்திகள் ஏறக்குறைய 20 மடங்கு பெருகின. இரண்டே வாரத்தில் மேமோகிராம் முன்பதிவு 40 சதவீதம் ஏறியது. 40 முதல் 69 வயதுக்குள் இருந்தும் அதுவரை எட்டிப்பார்க்காத பெண்களின் முன்பதிவு இரண்டு மடங்கானது. கோடிகளைக் கொட்டினாலும் கிடைக்காத பலன். ஆனால் கைலிக்கு அப்போது வயது 36. திரையில் பார்த்த முகம் இளமையாக இருந்ததால் நோய் வாய்ப்பு குறைந்த இளம் பெண்களும் பரிசோதனைக்கு ஓடினார்கள். அவர்களிடம் கூடுதலாகப் புற்றுநோய் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. பிரபலத்தின் பெயர் ஒலிபெருக்கி போன்றது. பக்கத்துத் தெருவுக்கும் கேட்கும்.

இதைவிட ஆச்சரியம் ஷாங்காயில் நடந்தது. மாதம் ஒரு முறை முறைப்படி மார்பகத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள் என்பது பல்லாண்டுகளாகப் பல அமைப்புகள் சொன்ன அறிவுரை. அது உயிரைக் காக்கிறதா என்று பார்க்க, 1989 முதல் நூற்பாலைப் பெண்கள் 2,66,064 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குத் தீவிரமாகச் சுய பரிசோதனை கற்றுக்கொடுத்தார்கள், மறு பாதிக்கு இல்லை. பத்தாண்டு பொறுத்து எண்ணினால், கற்றவர்களில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர் 135, கல்லாதவர்களில் 131. வித்தியாசமே இல்லை! கற்றவர்களிடம் தீங்கற்ற கட்டிகள்தான் அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டன; அதாவது வீண் பயம், வீண் ஊசிச் சோதனை. 2002-இல் முடிவு வந்தபின் பல அமைப்புகள் வாசகத்தையே மாற்றின. காலண்டரில் நாள் குறித்து முறைப்படித் தேடு என்பது போய், உன் உடம்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்து வைத்துக்கொள், மாறினால் உடனே காட்டு என்றானது. எலுமிச்சைத் தட்டு செய்வதும் அதைத்தான்.

உடனே காட்டு என்றால் சோதித்துப் பார்க்க ஒரு கை வேண்டும். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கிய ஆய்வில், 35 முதல் 64 வயதுவரையுள்ள 1,51,538 பெண்கள் சேர்ந்தார்கள். ஒரு பிரிவினரை இரண்டாண்டுக்கு ஒரு முறை கையால் சோதித்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். கருவி என்று எதுவும் இல்லை, விரல்கள் மட்டும். 2021-இல் வெளியான முடிவின்படி, 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இந்த நோயின் சாவு சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது. 50-க்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை. இந்தியாவில் இப்போது 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை கையால் பரிசோதனை என்று வழிகாட்டுதல் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள். இந்த ஒற்றை வரி எத்தனை பேருக்குத் தெரியும் என்று உங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள்.

தமிழில் இந்தச் செய்திக்குத் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. சுவரொட்டி ‘மார்பகம்’ என்கிறது. வீட்டில் யாரும் அந்தச் சொல்லைப் பேசுவதில்லை. “மார்ல ஏதோ கட்டி மாதிரி இருக்கு” என்பார்கள். அதற்கும் கூச்சப்பட்டால் “நெஞ்சுல” என்பார்கள். நியூயார்க் ஆசிரியர் சொன்ன மார்புச் சுவர் இங்கேயும் எழும்பி நிற்கிறது. நெஞ்சு என்று சொன்னால் இ.சி.ஜி. எடுக்க அனுப்பிவிடும் அபாயமும் உண்டு. பால் கொடுக்கும் தாய் என்றால் “பால் கட்டிக்கிச்சு” என்று முடிந்துவிடும். பெரும்பாலும் பால்தான், ஒன்றிரண்டு வாரத்தில் கரையாவிட்டால் காட்ட வேண்டும் என்பது யாரும் சேர்த்துச் சொல்லாத பின்பாதி. எல்லாவற்றிலும் ஆபத்தான சொல் ஒன்று உண்டு: “வலிக்கலையே.” நமக்கு வலிதான் நோயின் அடையாளம். ஆனால் மார்பகப் புற்றுக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆகவே இங்கே நல்ல விளம்பரம் எழுதத் தெரிந்தவர், ‘விழிப்புணர்வு கொள்வீர்’ என்று எழுத மாட்டார். ‘வலிக்கலன்னு விட்டுடாதீங்க’ என்று எழுதுவார். நடிகை கௌதமி தனக்கு வந்த நோயைப் பற்றி மறைக்காமல் பேசி, ‘லைஃப் அகெய்ன்’ என்ற அமைப்பையும் தொடங்கியபோது, இங்கேயும் தெரிந்த முகம் ஒன்று அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னது.

இப்படியெல்லாம் அலைந்து, மறைந்து, வேஷம் போட்டு வரும் செய்தி கடைசியில் ஒரு ஃபோன் அழைப்பில் வந்து முடியும். உதவி எண்ணில் உட்கார்ந்து பேசும் தன்னார்வலர் ஒருவர் சொன்னார்: முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றேதானாம். “என் ஃப்ரெண்டுக்காகக் கேக்கறேன் மேடம்.” இவர் பெயர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. இவரும் ஆறு வருடம் முன்பு வேறொரு எண்ணுக்கு ஃபோன் செய்து அதே வாக்கியத்தைச் சொன்னவர்தான். “சொல்லுங்கம்மா” என்கிறார். “உங்க ஃப்ரெண்டு எத்தனை நாளா பார்த்துக்கிட்டு இருக்காங்க?”